காஜா கோணிய சட்டை

என் வாழ்நாளில் நான் போட்ட சட்டைகளிலேயே மோசமான சட்டை ஒன்று இன்னும் என் பீரோவில் இருக்கிறது. வெளிர் நீலம், அரைக்கை, நல்ல துணி. வெட்டில் குறை சொல்ல முடியாது, தோள் அளவெடுத்த மாதிரி உட்காரும். பித்தான் நுழைக்கும் துளைகள் மட்டும், தையற்காரர்கள் காஜா என்பார்களே அவை, ஒன்று மேலே ஏறி, ஒன்று கீழே இறங்கி, ஒன்று இழை இழையாகப் பிரிந்து கிடக்கும். ஊசியும் கரண்டும் வைத்து வலி போக்கக் கிளம்பியிருக்கும் இளைய டாக்டர்களே, பிசியோதெரபிஸ்டுகளே, என்னிடம் இருக்கும் புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். சட்டையை மட்டும் தரமாட்டேன். அதன் கதையை வேண்டுமானால் தருகிறேன்.

எண்பதுகளின் நடுவில் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நான் உதவி மருத்துவர். எந்த ஆஸ்பத்திரி என்று துருவாதீர்கள், அங்கே வேலை பார்த்த நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்று மாதம் லீவு போட்டுச் சென்னையில் அக்குபங்சர் பயிற்சி எடுத்துக்கொண்டு, கையில் ஒரு சான்றிதழும் ஒரு பெட்டியுமாகத் திரும்பினேன். பெட்டி என்றால் டிரான்சிஸ்டர் ரேடியோ அளவு. உள்ளே டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிகள், வெளியே திருகுவதற்கு நாலைந்து குமிழ், சிவப்பாக மின்னும் ஒரு விளக்கு, நுனியில் கிளிப் மாட்டிய ஒயர்கள். என்னைவிட அந்தச் சிவப்பு விளக்குக்குத்தான் ஊரில் மரியாதை அதிகம். சக டாக்டர்கள் எனக்கு 'கரண்ட் டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்தது. நான் அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டேன்.

வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். செய்யும். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு, வயசாக ஆகத் தேய்ந்து சப்பையாகும். ஓரங்களில் எலும்பு முளை விடும். நரம்பு வெளியே வருகிற சின்ன வழி அடைபட்டு, நசுங்கிய நரம்பு கழுத்திலிருந்து விரல் நுனி வரைக்கும் தீ வைத்த மாதிரி எரியும். கழுத்தின் இரண்டு பக்கமும், முழங்கையிலும், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலும் மெல்லிய ஊசிகளைச் செருகி, மெதுவான கரண்ட்டைத் தட்டித் தட்டி அனுப்பினால், உடம்பு தனக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கும் வலிமருந்தைக் கொஞ்சம் வெளியே விடும். தண்டுவடத்தில் வலி ஏறிப்போகிற கதவையும் ஓரளவு சாத்தும். இறுகிப்போன சதை இளகும். எல்லோருக்கும் நடக்காது, நடக்கிறவர்களுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும். ஆனால் முளைத்த எலும்பு முளைத்த இடத்திலேயேதான் இருக்கும். இந்தக் கடைசி வரியைப் பயிற்சியில் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நோட்டிலும் எழுதிவைத்தேன், அழகான கையெழுத்தில்.

மாரண்டஹள்ளி பஸ் நிலையத்தை ஒட்டி ஒற்றைக் கதவுக் கடையில் தைத்துக்கொண்டிருந்தவர் யூசுப் பாய். ஐம்பதை நெருங்கிய வயது, முப்பது வருஷமாகக் குனிந்த கழுத்து. முதல் நாள் அவர் உள்ளே வந்தபோது வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டிருந்தார். இழவு வீட்டிலிருந்து நேராக வருகிறாரோ என்று நினைத்தேன். கூடவே அவர் மனைவி பாத்திமா, மருந்துச் சீட்டுகளை மஞ்சள் பையில் போட்டு இறுக்கிப் பிடித்தபடி.

"கையக் கீழ இறக்குங்க பாய்."

"இறக்கினா உசிரு போவுதுங்க சார். தலைமேல வச்சாத்தான் கொஞ்சம் அடங்குது. ரெண்டு மாசமா இப்படியேதான் உக்காந்து தூங்குறேன்."

"தூங்குறாருன்னு அவருதான் சொல்றாரு," என்றார் பாத்திமா. "நாங்க யாரும் பாக்கலீங்க."

எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பு இரண்டு இடத்தில் தேய்ந்து, கோழிக் கொண்டை மாதிரி முளை விட்டிருந்தது. இந்தக் காலத்து ஸ்கேன் எல்லாம் அன்று எங்களுக்குப் பேப்பரில் படிக்கிற சமாச்சாரம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வெட்கம் கெட்ட சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம். என் பெட்டிக்கென்றே செய்து அனுப்பிய நோயாளி மாதிரி இருந்தார்.

என் அறையின் ஒழுங்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கூட்டம் அதிகம். ஒவ்வொருவரும் உள்ளே வந்து சட்டையைக் கழற்றி, வேட்டியைச் சரிசெய்து, செருப்பைத் தேடி, ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் மதியமாகிவிடும். ஆகவே நானே யோசித்து ஒரு போர்டு எழுதி வாசலில் மாட்டினேன்: செருப்பை வெளியே விடவும், சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் உட்காரவும், பெயர் கூப்பிட்டதும் உள்ளே வரவும். என்ன வேகம்! ஒருவர் எழுந்தால் அடுத்தவர் படுத்தார். மேலதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, "இதல்லவா நிர்வாகம்" என்றார்கள். என் உச்சி குளிர்ந்தது.

இரண்டாவது ஒழுங்கு, மக்கள் போட்டது. ஊசியில் கரண்ட் ஏறும்போது விரல்கள் தாளம் போட்ட மாதிரி துள்ளும். துள்ளல் எவ்வளவோ அவ்வளவு குணம் என்று வரிசையில் இருந்தவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். "சார், அவருக்கு மட்டும் நல்லா ஆடுது, எனக்கு இன்னும் கொஞ்சம் ஏத்தி வுடுங்க" என்று சண்டைக்கு வருவார்கள். நான் அவர்களைத் திருத்தவில்லை. அதைவிட மோசம், நானும் மெல்ல மெல்ல அதை நம்ப ஆரம்பித்தேன். யூசுப் பாயின் விரல்கள் பெட்டியின் தாளத்துக்குத் துள்ளும்போது, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "பாருங்கள், நரம்பு எப்படி வேலை செய்கிறது" என்று காட்டினேன். வேலை செய்தது பேட்டரி. அந்தப் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே விரலை ஒருமுறை மடக்கிக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மருத்துவப் பட்டம் வாங்கியவன் நான்.

நாலாவது தடவைக்கு யூசுப் பாய் கையைத் தலையிலிருந்து இறக்கினார். ஆறாவது தடவைக்கு அவர் முகமே மாறியிருந்தது.

"நேத்துப் படுத்ததும் தெரியல, எழுந்ததும் தெரியல. அல்லா உங்களுக்கு நல்ல ஆயுசைக் குடுக்கணும் சார்."

நான் அடக்கமாகச் சிரித்தேன். அடக்கம் எனக்கு அப்போது நன்றாக வரும். பாத்திமா மட்டும் மஞ்சள் பையைக் கைமாற்றியபடி நின்றுகொண்டிருந்தார்.

"வலி பரவால்லீங்க சார். ஆனா இவரு கையி..."

"மரத்த மாதிரி இருக்குது, அதானேம்மா? வலி போயிடுச்சு பாருங்க, பின்னாடியே அதுவும் போயிடும். அடுத்தவர வரச் சொல்லுங்க."

அந்த அம்மாள் சொல்ல வந்தது அதுவல்ல. நான் முடித்துக்கொடுத்த வாக்கியத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார், பிறகு வெளியே போனார். இளையவர்களே, நோயாளியின் வாக்கியத்தை நாம் முடித்துவைத்தால் நேரம் மிச்சமாகும். அந்த மிச்சத்தை நான் பிறகு எங்கே செலவழித்தேன் என்பதைக் கேளுங்கள்.

ஒன்பதாவது தடவையோ பத்தாவதோ, டீ குடிக்க வெளியே வந்தேன். வராந்தாவில் யூசுப் பாய் கைகளைத் தொங்கப் போட்டு நிற்க, பாத்திமா அவர் எதிரே நின்று சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் இருபது பேர். எனக்கு நாக்கு அரித்தது.

"என்ன பாய், பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் புது மாப்பிள்ளையாட்டம் நிக்கிறீங்க?"

வராந்தாவே சிரித்தது. யூசுப் பாயும் தலையைக் குனிந்து சிரித்தார். சிரித்தே ஆக வேண்டும், டாக்டர் ஜோக் அடித்திருக்கிறாரே. பாத்திமா சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார், இருபது பேரைப் பார்த்தார், கடைசிப் பித்தானைப் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார். நான் டீயைக் குடித்தேன், சர்க்கரை கம்மி என்று கடைக்காரரிடம் குறையும் சொன்னேன்.

இந்தச் சமயத்தில்தான் மாரண்டஹள்ளியில் ஒரு மருத்துவ முகாம் என்று ஆணை வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், மேடை, மைக். சென்னையிலிருந்து சுகாதாரத் துறையின் பெரிய அதிகாரி வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் எங்கள் ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனிப் பிரிவு, புதிதாக இரண்டு பெட்டிகள், அந்தப் பிரிவுக்குத் தலைமை நான். எங்கள் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, உன் நோயாளியில நல்லா குணமான ஆளு ஒருத்தர மேடையில ஏத்தி, செஞ்சு காட்டிடு. ஊர்க்காரரா இருந்தா இன்னும் நல்லது" என்றார். நல்லா குணமான ஆள், அதுவும் அதே ஊர்க்காரர். என் மனசில் ஒரே பெயர்தான் வந்தது.

யூசுப் பாய் பூரித்துப்போனார். அந்த வாரமே அளவெடுத்து, நான் எவ்வளவு தடுத்தும் கேட்காமல், எனக்குச் சட்டை தைத்துவிட்டார். "மிசின்ல காஜா அடிச்சுக் குடுக்கறவங்க இருக்காங்க சார். உங்க சட்டைக்கு நானே கையால எடுத்தேன், ஒரு துளை விடாம" என்று பொட்டலத்தை நீட்டினார். கையால் காஜா எடுப்பதில் அந்த ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். மாப்பிள்ளைச் சட்டைகள் பாலக்கோட்டிலிருந்து கூட அவரிடம் வரும்.

முகாம் அன்று காலையில் அதைப் போட்டேன். போட முயன்றேன் என்று சொல்ல வேண்டும். முதல் பித்தான் நுழைந்தது. இரண்டாவது நுழைய மறுத்தது. மூன்றாவது நுழைந்த வேகத்தில் துளையைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்பக்கமாகப் பிளாஸ்திரி ஒட்டி என் மானத்தைக் காப்பாற்றினார். எனக்கு எரிச்சல். "சும்மா தைச்சுக் குடுத்தா இப்படித்தான். கைவேலைன்னு பெருமை வேற" என்று முணுமுணுத்தேன். முழு நோயறிக்கையையும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, அதைப் படிக்கத் தெரியாமல், ஜீப்பில் ஏறி முகாமுக்குப் போன டாக்டர் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதிகாரி வந்தார். அவர் கழுத்தைச் சுற்றி வெள்ளை நுரைப் பட்டை ஒன்று. அந்தக் காலத்தில் அந்தப் பட்டை ஒரு பதவிச் சின்னம். ஃபைல் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கழுத்து என்று ஊருக்கு அறிவிக்கும். கழுத்து வலிக்காரர்கள் எல்லோரும் அரை டாக்டர்கள். அதிகாரியாக இருக்கும் கழுத்து வலிக்காரர் முழு டாக்டர். வந்து உட்கார்ந்ததும் எனக்குக் கழுத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பாடம் எடுத்தார். தலையாட்டினேன்.

யூசுப் பாயை மேடையில் ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டையைக் கழற்றி, ஊசிகளைப் போட்டேன். பெட்டியைத் தட்டினேன். விரல்கள் துள்ளின. பந்தல் முழுக்க "அடேயப்பா!" என்றது. மைக்கை அவர் வாயருகே கொண்டுபோனார்கள்.

"ரெண்டு மாசம் தூங்கலீங்க. இப்ப குழந்தையாட்டம் தூங்குறேன். வலி சுத்தமா இல்லீங்க. எல்லாம் சார் புண்ணியம்."

கைத்தட்டல். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தக் கைத்தட்டல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

ஊசிகளை எடுத்தாயிற்று. அதிகாரி கையில் பொன்னாடை தயார், போட்டோகிராபர் தயார். "சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க பாய், ஒரு படம் எடுத்துக்கலாம்" என்றார் அதிகாரி.

யூசுப் பாய் சட்டையை மாட்டினார். பித்தானைப் பிடித்தார். பித்தான் விரலிலிருந்து நழுவியது. மறுபடி பிடித்தார். மறுபடி நழுவியது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு அந்தச் சின்னப் பித்தானைச் சுற்றிச் சுற்றி வந்தன. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "டைலருக்கே பித்தான் போட வரலையே!" என்று ஒரு குரல் வந்தது. அவர் காதெல்லாம் சிவந்துபோயிற்று. நான் சிரித்தபடி மேடையில் நின்றுகொண்டிருந்தேன். என் அறையில் அவர் எப்போதும் சட்டை இல்லாமல்தான் வருவார். அவர் பித்தான் போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து பாத்திமா எழுந்து வந்தார். யாரையும் கேட்காமல் மேடைப்படி ஏறினார். கணவருக்கு எதிரே நின்று, வராந்தாவில் செய்தது போலவே, ஒவ்வொரு பித்தானாகப் போட்டுவிட்டார். இந்தத் தடவை கூட்டம் இருபது பேர் இல்லை, அறுநூறு எழுநூறு இருக்கும்.

"என்னம்மா இது?" என்றேன், பல்லிடுக்கில்.

"ரெண்டு மாசமா நாந்தானுங்க போட்டு வுடறேன்," என்றார் அவர், என் முகத்தைப் பார்த்து. மைக் பக்கத்தில் இருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டது.

நான் குனிந்து என் நெஞ்சைப் பார்த்தேன். மேலேறிய துளை, கீழிறங்கிய துளை, பிளாஸ்திரி. யூசுப் பாய் பொன்னாடைக்காக அதிகாரியை நோக்கி நடந்தார். நாலு அடி. இடது கால் செருப்பு ஸ்டூல் பக்கத்திலேயே தங்கிவிட்டது. அவர் ஒரு காலில் செருப்போடு, ஒரு கால் வெறுங்காலோடு, கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடந்துகொண்டே இருந்தார். செருப்பு போனது அவருக்குத் தெரியவே இல்லை. என் அறைக்கு வெளியேதானே செருப்பை விடச் சொல்லியிருந்தேன்! நடையையும் விரலையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்று நானே போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன்.

இனி நடந்தது எல்லாம் சில நொடிகள்தான். பாய்க்குப் பொன்னாடையைப் போர்த்திவிட்ட அதிகாரி, முழு டாக்டர் அல்லவா, "வலி சுத்தமா இல்லைன்னா கழுத்தை நல்லாத் திருப்பிக் காட்டணும். இப்படித்தான் எனக்குச் செய்வாங்க, பாருங்க" என்று சொல்லி, பின்னால் போய், இரண்டு கையாலும் யூசுப் பாயின் தலையைப் பிடித்தார். நசுங்கிக்கொண்டிருந்தது நரம்பு மட்டும் அல்ல, தண்டுவடமே என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. அந்தக் கழுத்தை ஒரு திருப்புத் திருப்பினால் அவர் மறுபடி எழுந்து நிற்காமலே போகலாம். நான் பாய்ந்து அதிகாரியின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துவிட்டேன்.

அரசு ஊழியன் அதிகாரியின் கையைப் பிடிக்கிற காட்சியைப் போட்டோகிராபர் மட்டும் அழகாக எடுத்துவிட்டார்.

"கைய எடுங்க சார். தயவுசெஞ்சு கைய எடுங்க."

"என்னய்யா பண்ற?"

"அவருக்கு இன்னும் குணமாகல சார்."

எங்கள் பெரிய டாக்டர் என் காதருகே வந்து, "ஏம்ப்பா, இப்பவா? படம் எடுத்து முடியட்டும், பேசாம அனுப்பி வச்சிட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்ல?" என்றார். கெட்ட மனிதர் அல்ல. தனிப் பிரிவு வேண்டும் என்று என்னைவிட அதிகம் ஆசைப்பட்டவர். நாளைக்கு என்ற யோசனை எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு கீழே கிடந்த செருப்பைப் பார்த்தேன்.

மேஜைமேல் அழகுக்காகப் பரப்பி வைத்திருந்த சாமான்களில் ரப்பர் சுத்தியல் ஒன்றும் இருந்தது. மூன்று மாதமாக அதற்கு அலங்கார வேலைதான். யூசுப் பாயை உட்கார வைத்து முழங்காலுக்குக் கீழே தட்டினேன். கால் எகிறிப் போய் எதிரே இருந்த மேஜையை உதைத்தது. உள்ளங்காலில் சாவியால் ஒரு கோடு இழுத்தேன். கால் கட்டைவிரல் கீழே மடங்காமல் மேலே நிமிர்ந்தது, தண்டுவடம் நசுங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். முதல் நாளே, இரண்டே நிமிஷத்தில், நான் செய்திருக்க வேண்டியது இது. கூட்டம் இதையும் வைத்தியம் என்று நினைத்துக் கை தட்டியது.

மைக்கைப் பிடித்தேன்.

"இவருக்கு வலி போயிருக்கு. அது நிஜம். ஆனா நோய் போகல. கழுத்துல தண்டுவடம் நசுங்கிட்டு இருக்கு. கையில வலு குறையுது, நடை தடுமாறுது. வலி போனதும் எல்லாம் போச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். தப்பு என்னுது. இவரு உடனே பெங்களூர் போகணும், ஆபரேஷன் பாக்கணும்."

அதிகாரியின் முகம் போன போக்கை நான் வர்ணிக்க மாட்டேன், நீங்களும் ஒரு நாள் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தால் பாருங்கள். நான் அவரிடம் திரும்பி, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"சார், ரோடு மோசம். வண்டி குலுங்கும். உங்க கழுத்துப் பட்டையக் கழட்டிக் குடுங்க சார்."

மைக்கில் கேட்டுவிட்டேன். முடியாது என்று சொல்ல அவருக்கு வழியில்லை. கழற்றிக் கொடுத்தார். கழற்றியதும் அவர் கழுத்து இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பியதை எல்லோரும் பார்த்தார்கள். பட்டையை யூசுப் பாயின் கழுத்தில் நானே கட்டினேன். அவர் மிரண்டுபோய், "எனக்கு வலி இல்லீங்களே சார், வலி இல்லீங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஐயோ, அந்தக் குரல்! வலி இல்லாததே என்னை ஏமாற்றியது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

முகாம் வேனில் ஏற்றி, நானும் கூடவே உட்கார்ந்து, ஓசூர் வழியாகப் பெங்களூர் போனோம். வழி முழுக்கப் பாத்திமா என்னிடம் பேசவில்லை. ராயக்கோட்டை தாண்டும்போது ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

"நான் அன்னிக்கே சொல்ல வந்தேன் சார். நீங்க சிரிச்சீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெங்களூரில் முதுகில் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள், ஆபரேஷன் செய்தார்கள். அங்கிருந்த மூத்த சர்ஜன், இன்னும் சில மாதம் போயிருந்தால் படுத்த படுக்கைதான் என்று சொல்லிவிட்டு, வலிக்கு என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நன்றாகத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்றார். அந்தப் பாராட்டை நான் இன்றுவரை ஜீரணிக்கவில்லை.

தனிப் பிரிவு வேறு மாவட்டத்துக்குப் போயிற்று. எனக்குப் பென்னாகரம் பக்கம் மாறுதல் வந்தது. பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன், ஏனென்றால் பெட்டி ஒரு தப்பும் செய்யவில்லை. அதற்குப் பிறகும் இருபது வருஷம் கழுத்து வலிக்கு அதே ஊசி, அதே கரண்ட்தான் வைத்தேன், எத்தனையோ பேர் தூங்கினார்கள். புதிய இடத்தில் போர்டு மட்டும் மாட்டவில்லை. எல்லோரும் செருப்போடு உள்ளே வரவேண்டும், என் எதிரில் நடக்க வேண்டும், தன் சட்டையைத் தானே கழற்றித் தானே போட வேண்டும். வரிசை நத்தை மாதிரி நகர்ந்தது. மேலதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, "நிர்வாகம் சரியில்லையே" என்றார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். கூட்டத்துக்கு நடுவே யூசுப் பாய் வந்தார், பின்னாலேயே மஞ்சள் பையோடு பாத்திமா. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். நடையைப் பார்த்தேன். கொஞ்சம் அகட்டல் இருந்தது, ஆனால் இரண்டு செருப்பும் இரண்டு காலிலேயே இருந்தன. மிசின் மிதிக்கிறாராம், வெட்டுகிறாராம். காஜா மட்டும் இனி முடியாது, பாத்திமா எடுக்கிறார்.

பரிசோதித்து முடித்தேன். அவர் சட்டையை எடுத்து மாட்டினார். பாத்திமாவின் கை தன்னையறியாமல் முன்னே வந்தது. வந்த கையை அவரே பின்னால் இழுத்து, மஞ்சள் பையில் புதைத்துக்கொண்டார். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

முதல் பித்தான் மூன்று முறை நழுவி நாலாவது முறை நுழைந்தது. இரண்டாவதற்கு நெற்றியில் வியர்த்தது. வெளியே வரிசையில் யாரோ, "இன்னும் எவ்ளோ நேரமுங்க?" என்று சத்தம் போட்டார்கள். எனக்கு எழுந்துபோய் நானே போட்டுவிடலாம் போல இருந்தது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று. நாலு. ஐந்தாவது பித்தானும் நுழைந்தது. ஒன்றுகூடத் துளை மாறவில்லை. யூசுப் பாய் நிமிர்ந்து, பரீட்சை எழுதி முடித்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

பாத்திமா என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு.

"இப்ப சிரிங்க சார்," என்றார்.

எத்தனை முயன்றும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.